சில்சார் என்.ஐ.டி.யில் மகனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து எந்த வழியாக அனுப்பலாம்?

(கேட்டவர் திருநெல்வேலிக்காரர். மகனுக்குக் கலந்தாய்வில் அஸ்ஸாமின் சில்சார் கிடைத்திருக்கிறது, ஆகஸ்டில் சேர வேண்டும். கொல்கத்தா வழியா, குவாஹாட்டி வழியா, எதில் செலவு குறையும், பையன் தனியாகப் போய்வர முடியுமா என்று கேட்டிருக்கிறார்.)

முதலில் வாழ்த்துகள். என் மகள் அதே கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். நாங்கள் திண்டுக்கல். அவளுக்கு இடம் கிடைத்த அன்று நானும் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இவ்வளவு தூரமா என்று உட்கார்ந்திருந்தேன். அதனால் உங்கள் கேள்வியில் இருக்கும் பதற்றம் எனக்குப் புரிகிறது.

செலவைக் கடைசியில் பாருங்கள். ஒவ்வொரு வழிக்கும் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: நடுவில் ஒரு விமானம் தவறினால், அன்றிரவு பிள்ளை எந்த ஊரில், எந்த இடத்தில் இருப்பான்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் ஒரு தடவை டிக்கெட் போட்டேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் வருட டிசம்பர் விடுமுறை. சில்சாரிலிருந்து கொல்கத்தாவுக்கு ஒரு நிறுவனத்திலும், கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வேறொரு நிறுவனத்திலும் தனித்தனியாக டிக்கெட் எடுத்தேன். ஒரே டிக்கெட்டாக எடுப்பதைவிட 2,300 ரூபாய் குறைந்தது. நடுவில் மூன்றரை மணி நேரம் இடைவெளி, தாராளம் என்று நினைத்தேன். அன்று காலையில் சில்சாரில் பனிமூட்டம். விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம். கொல்கத்தாவில் இறங்கி, பெல்ட்டில் பை வருவதற்காகக் காத்திருந்து, அதைத் தள்ளிக்கொண்டு புறப்பாட்டுப் பக்கம் ஓடியிருக்கிறாள். உள்நாட்டு விமானத்துக்குப் புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே பை வாங்கும் கவுண்டரை மூடிவிடுவார்கள். "அம்மா, கவுண்டர் மூடிட்டாங்க. பிளேன் இன்னும் இங்கதான் நிக்குது, ஏத்த மாட்டேங்கறாங்க. இப்ப நான் என்ன செய்ய?" என்று போன். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை அவள் வராத பயணி, அவ்வளவுதான். முதல் விமானம் தாமதமானது அவர்கள் கணக்கில் வராது. மறுநாள் காலை விமானத்துக்கு 11,000 ரூபாய் கொடுத்துப் புது டிக்கெட் எடுத்தோம். இரவு முழுக்க அவள் முனையத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், பையின் வாரைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு. பக்கத்தில் ஒரு வங்காளி மூதாட்டி பொரி கொடுத்தாராம். அந்த அம்மாவின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது, ஆனால் இன்றைக்கும் வீட்டில் அவரைப் பற்றிப் பேசுவோம்.

ஆகவே எந்த வழியாக இருந்தாலும் ஒரே டிக்கெட், ஒரே பி.என்.ஆர். (முன்பதிவு எண்). அப்படி இருந்தால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினாலும், அடுத்ததில் இடம் கொடுப்பது அந்த நிறுவனத்தின் பொறுப்பு. வானிலை காரணம் என்றால் இழப்பீடு எதிர்பார்க்க முடியாது, ஆனால் மாற்று விமானமோ பணமோ கிடைக்கும். பையும் நேராகச் சில்சார் போய்விடும். சென்னை கவுண்டரில் பையில் ஒட்டும் நீளச் சீட்டில் கடைசி ஊராக ஐ.எக்ஸ்.எஸ். என்ற மூன்று எழுத்து இருக்கிறதா என்று பையனையே பார்க்கச் சொல்லுங்கள். அது சில்சாரின் குறியீடு. சி.சி.யு. என்று இருந்தால் பை கொல்கத்தாவோடு நின்றுவிடும். அங்கேயே கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

சரி, கொல்கத்தாவா குவாஹாட்டியா? என் பதில், மாதத்தைப் பொறுத்தது.

நீங்கள் போகப்போவது ஆகஸ்டில். அது அங்கே கொட்டும் மழைக்காலம். மழையில் கொல்கத்தாதான் நல்லது என்பேன். குவாஹாட்டி அதே அஸ்ஸாமில் இருக்கிறதே, விமானம் இல்லாவிட்டால் பஸ்ஸிலோ ரயிலிலோ போய்விடலாமே என்று வரைபடத்தைப் பார்த்தால் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இரண்டு ஊருக்கும் நடுவில் மலை இருக்கிறது. சாலை மேகாலயாவுக்குள் ஷில்லாங், ஜோவாய் தாண்டி சோனாபூர் வழியாக இறங்குகிறது. சோனாபூர் பக்கம் மழைக்காலத்தில் மண் சரிந்து லாரிகள் வரிசை கட்டி நிற்பது வழக்கம். ரயில் பாதையோ லாம்டிங்கிலிருந்து பதர்பூர் வரை மலையைக் குடைந்து போகிறது. 2022 மே மாதம் நியூ ஹாப்லாங் ரயில் நிலையத்தையே மண்சரிவு மூடியது, அந்தப் பாதை சீராக இரண்டு மாதம் போல ஆனது. அடுத்த மாதமே கரை உடைந்து சில்சார் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. அதனால் மழை மாதங்களில் அந்தத் தரைவழியை நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம்.

கொல்கத்தாவில் மாட்டிக்கொண்டால் தரைவழியே போக வசதி இல்லைதான். ஆனால் அது பெரிய விமான நிலையம், உள்நாடும் வெளிநாடும் ஒரே கட்டடம், இரவிலும் ஆள் நடமாட்டம் உண்டு, வெளியே டம்டம் பகுதியிலேயே தங்குமிடங்கள் இருக்கின்றன. சென்னைக்குத் திரும்புவதானாலும் நாளுக்குப் பல விமானங்கள். சென்னையிலிருந்து கொல்கத்தா ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், அங்கிருந்து சில்சார் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

குளிர்காலத்தில் கணக்கு மாறுகிறது. டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தால் காலை விமானங்கள் தாமதமாகும், கொல்கத்தா இணைப்பு ஆட்டம் காணும். அதே சமயம் மழை விட்டுவிட்டதால் மலைப்பாதை ஒழுங்காக ஓடும். அந்தப் பொரி இரவுக்குப் பிறகு என் மகள் குளிர்காலத்தில் ஊருக்கு வருவது இப்படித்தான்: சில்சாரில் தோழிகள் நாலைந்து பேராக இரவு ரயில் ஏறி, காலையில் குவாஹாட்டியில் இறங்கி, அங்கிருந்து மதியத்துக்கு மேல் சென்னைக்கு நேரடி விமானம். மூன்று மணி நேரத்தில் சென்னை. குவாஹாட்டி விமான நிலையம் ஊருக்கு வெளியே போர்ஜாரில் இருக்கிறது. ரயில் இரண்டு மூன்று மணி நேரம் தாமதமானாலும் விமானத்தைப் பிடித்துவிடலாம். நடுவில் மாற வேண்டிய விமானமே இல்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி. நேரடி விமானம் தினமும் இருக்கிறதா என்று தேதியைப் போட்டுப் பாருங்கள். மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் விமான அட்டவணை மாறும், அதனால் ஜூலையில் எடுத்த ஜனவரி டிக்கெட்டின் நேரத்தை நவம்பரில் மறுபடி சரிபாருங்கள். இடைவெளி குறைந்திருந்தால் அப்போதே கூப்பிட்டு மாற்றிக்கொள்ளலாம்.

சில்சார் ரயில் நிலையம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1961 மே 19 அன்று அந்த நிலையத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில்தான், வங்க மொழிக்கு இடம் கேட்டுப் போராடிய 11 பேர் உயிர்விட்டார்கள். அஸ்ஸாம் என்றாலும் சில்சார் இருக்கும் பராக் பள்ளத்தாக்கில் பேசுவது சில்ஹெட்டி வங்காளம். நாங்கள் அங்கே போய் நின்றபோது, அறுபத்தைந்தில் நம் ஊரில் நடந்ததை என் கணவர் மகளுக்குச் சொன்னார். அதற்கப்புறம் அந்த ஊர் அவளுக்கு அவ்வளவு அந்நியமாக இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் மகனையும் நாலு வங்காள வார்த்தை கற்றுக்கொண்டு போகச் சொல்லுங்கள், ஆட்டோக்காரரிடம் பேசவாவது உதவும்.

இன்னொன்று, நம் ஊர்க் கடிகாரத்தை வைத்து அங்கே மாலையைக் கணக்குப் போடாதீர்கள். சில்சார் நாட்டின் கிழக்கு ஓரம். டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், ஐந்து மணிக்கு நல்ல இருட்டு. விமான நிலையம் கும்பிர்கிராமில், விமானப் படைத் தளத்தில் இருக்கிறது (அங்கே போட்டோ எடுக்க வேண்டாம் என்று பையனிடம் சொல்லி வையுங்கள்). கல்லூரி ஹைலாகாண்டி சாலையில், ஊருக்கு அந்தப் பக்கம். நகரத்தைக் கடந்துதான் போக வேண்டும், ஒன்றரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். அதனால் மதியம் இரண்டு மணிக்குள் தரையிறங்கும் விமானமாகப் பாருங்கள். அதில் இன்னொரு நன்மை, ரத்தானால் அன்றைக்கே வேறு ஏதாவது கிடைக்கிறதா என்று பார்க்கப் பகல் மிச்சமிருக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து சில்சாருக்கு வாரம் ஒரு ரயில் இருக்கிறது. 3,000 கிலோமீட்டருக்கு மேல், மூன்று இரவு. செலவு குறைவு, சாமான் நிறையக் கொண்டுபோகலாம். ஆனால் மழைக்காலத்தில், அதுவும் கல்லூரியில் சேரும் தேதி கழுத்தில் இருக்கும்போது அதில் அனுப்ப எனக்கு மனம் வராது. பின்னால் நண்பர்கள் சேர்ந்தால் ஒரு தடவை போய் வரட்டும்.

உங்கள் ஊரிலிருந்து சென்னை வரை: தூத்துக்குடியிலோ மதுரையிலோ ஏறினால் இரண்டு தடவை விமானம் மாற வேண்டியிருக்கும். முதல் பயணத்துக்கு அது வேண்டாம். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, காலையில் எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்கிவிடுங்கள். அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம். நிலையத்துக்கு எதிரேதான் விமான நிலையம். நாங்களும் பாண்டியனில் வந்து அப்படித்தான் போனோம். ஆனால் அன்று காலை விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு ரயிலில் பதறிக்கொண்டு வர வேண்டாம். மதியத்துக்கு மேல் சென்னையிலிருந்து கிளம்பி, கொல்கத்தாவில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலையில் சில்சார் போவதுபோல் எடுங்கள். முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள். தங்குவதற்கு ஆகும் பணம் வீணில்லை. கொல்கத்தா விமான நிலையத்தில் எது எங்கே இருக்கிறது என்று பையன் உங்களோடு ஒரு முறை நடந்து பார்த்துவிட்டால், அடுத்த முறை தனியாக வரும்போது அவனுக்குப் பயமிருக்காது. இப்படி இரவு தங்குவதாக இருந்தால் மட்டும் இரண்டு தனி டிக்கெட் எடுத்தாலும் பரவாயில்லை, பையைக் கையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

சாமான் விஷயம். பொதுவாகச் செக்-இன் 15 கிலோ, கையில் 7 கிலோ. சில நிறுவனங்களில் மாணவர் கட்டணத்தில் 10 கிலோ கூடுதலாகக் கொடுக்கிறார்கள், ஆனால் கல்லூரி அடையாள அட்டை கேட்பார்கள், முதல் பயணத்தில் அவனிடம் அது இருக்காது. அதனால் மெத்தை, வாளி எதையும் கட்டாதீர்கள், சில்சாரிலேயே வாங்கலாம். கனமான புத்தகங்களை ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். சான்றிதழ்கள் கையில் இருக்கும் பையில்தான். பவர் பேங்கும் அதில்தான், செக்-இன்னில் போடக் கூடாது. ஊறுகாயும் மிளகாய்ப் பொடியும் இதற்கு நேர்மாறு, கைப்பையில் விடமாட்டார்கள், செக்-இன்னில் வையுங்கள். கொப்பரைத் தேங்காய் செக்-இன்னில் கூடாது, எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் என்று எடுத்துவிடுவார்கள். என் மாமியார் ஆசையாகக் கட்டிக் கொடுத்த கொப்பரை சென்னையிலேயே நின்றுவிட்டது.

இன்னர் லைன் பெர்மிட் (வடகிழக்கில் சில மாநிலங்களுக்குள் நுழைய வெளிமாநிலத்தவர் வாங்க வேண்டிய அனுமதி) பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள். அஸ்ஸாமுக்கு அது தேவையில்லை. ஐஸ்வால் வழியாகவோ இம்பால் வழியாகவோ விலை குறைந்த டிக்கெட் கண்ணில் பட்டால் விட்டுவிடுங்கள், மிசோரமுக்கும் மணிப்பூருக்கும் அந்த அனுமதி வேண்டும். அகர்தலாவுக்கு வேண்டாம். அங்கிருந்து சில்சார் பக்கம் ரயிலும் இருக்கிறது, அவசரத்துக்கு நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

டிக்கெட் எடுப்பதற்கு முன் அங்கே படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் பையனைச் சேரச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் யார் கிளம்புகிறார்கள் என்று அதில் போடுவார்கள், ஒரே விமானத்தில் நாலு பேர் சேர்ந்துகொள்ளலாம். கும்பிர்கிராமிலிருந்து காருக்கும் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் ஊர் அல்வா கொடுத்து அனுப்புவீர்கள், தெரியும். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் திறக்கச் சொல்வார்கள். செக்-இன் பையின் நடுவில், துணிகளுக்கு இடையில் வையுங்கள். அரைக் கிலோ கூடுதலாகவே வையுங்கள், அந்த விடுதியில் நம் ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.