கோச்சுஜங் ஒன்று போதும்

கேள்வி: மகள் கொரிய நாடகம் பார்த்துப் பார்த்து, இப்போது தொக்பொக்கி (அரிசிக் கேக்கை உறைப்புக் குழம்பில் போட்டுச் செய்வது) செய்து தரச் சொல்லி நிற்கிறாள். சுப்பர் மார்க்கெட்டில் கோச்சுஜங், கொரிய மிளகாய்த் தூள், எள்ளெண்ணெய், அரிசிக் கேக் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் எங்கள் ஒரு கிழமை மரக்கறிச் செலவு வருகிறது. எதை வாங்க, எதை விட? வெள்ளிக்கிழமை நாங்கள் சைவம்.
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: கோச்சுஜங்கை மட்டும் வாங்குங்கள். மிளகாய்த் தூள், ஒட்டரிசி, புளிக்கவைத்த சோயா, உப்பு எல்லாம் மாதக்கணக்கில் ஊறிக் களியாகும் பண்டம் அது. மிளகாய்த் தூள், சோயா சோஸ், உள்ளி, கித்துல் பாணி குழைத்து நானும் ஒருமுறை ஏமாற்றப் பார்த்தேன். உறைப்பு வந்தது, இனிப்பும் வந்தது, அடியில் கிடக்கும் அந்தப் புளித்த ருசி வரவேயில்லை. டெவில் சிக்கனுக்குத்தான் உதவியது.

வாங்கும்போது சின்ன டப்பா, பெரிய டப்பா இரண்டிலும் 100 கிராம் என்ன விலை என்று கணக்குப் போடுங்கள். பிரிட்ஜில் மாதக்கணக்கில் இருக்கும் என்பதால் பெரியதற்குப் பயப்பட வேண்டாம். சேர்மானப் பட்டியலில் எது கூடுதலோ அதுதான் முதலில் வரும். சிரப் முதலிலும் மிளகாய் கடைசிப் பக்கத்திலும் இருந்தால் நீங்கள் காசு கொடுப்பது இனிப்புக்கு. கொரியத் திகதி வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கும்.

மிளகாய்த் தூளை விடுங்கள். அவர்களுடையது விதை நீக்கிய, கொரகொரப்பான, உறைப்புக் குறைந்த தூள். செத்தல் மிளகாயைப் பிளந்து விதையை உதறிவிட்டு மிக்சியில் இரண்டு சுற்றுச் சுற்றினால் கிட்டத்தட்ட அதே தோற்றம். உறைப்பு கூடும் என்பதால் பாதி அளவு போடுங்கள். (கொரிய மொழியில் மிளகாய்க்குப் பெயர் ‘கோச்சு’. நம்மவர் சிலர் சொல்லும் கொச்சிக்காய்க்கு உறவு போலத் தோன்றும், உறவில்லை.)

எண்ணெய்க்கு வருவோம். அவர்கள் எள்ளை நன்றாக வறுத்து ஆட்டுகிறார்கள், நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் வருவது. வாசம்தான் வித்தியாசம். ஒரு மேசைக்கரண்டி எள்ளை வெறும் தாச்சியில் படபடவென்று வெடிக்கும்வரை வறுத்து, கையால் நுணுக்கி, இறக்கும்போது நல்லெண்ணெயோடு தூவுங்கள்.

அரிசிக் கேக் கொழுக்கட்டைக் கை உள்ளவர்களுக்குப் பெரிய காரியமில்லை: வறுக்காத அரிசிமாவில் கொதிநீர் விட்டுக் குழைத்து, விரல் தடிப்பில் உருட்டி, ஆவியில் அவியுங்கள். கடையில் விற்பதை மாவை அவித்து அழுத்திச் செய்வதால் அதன் இழுவை நம்முடையதில் வராது. மகள் கண்டுபிடிப்பாள், ஆனாலும் சாப்பிடுவாள்.

வெள்ளிக்கிழமைக்கு: வழக்கமாக இந்தக் குழம்புக்கு நெத்தலிக் கருவாட்டுத் தண்ணீர் விடுவார்கள், மீன் கேக்கும் போடுவார்கள். நீங்கள் வெங்காயமும் உலர்ந்த காளானும் அவித்த தண்ணீர் விடுங்கள். கிம்சி என்ற புளிக்கவைத்த கோவாவிலும் மீன் சோஸ் அல்லது உப்பிட்ட கூனி இருக்கும், லேபிளைப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

கேள்வி: வாங்கிய கிம்சிப் பை பந்துபோல ஊதிவிட்டது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். படம் அனுப்பியிருக்கிறேன்.
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஊதியதற்காகச் சண்டை பிடிக்காதீர்கள். கிம்சியில் உயிருள்ள நுண்ணுயிர்கள் புளிக்கவைத்தபடியே காபனீரொட்சைட்டை விடுகின்றன. கொழும்பு வெக்கையில் கடையின் குளிர்பெட்டி கொஞ்சம் அயர்ந்தாலே வேகம் கூடிவிடும். புளிப்பு மணம் சரி. பூஞ்சணம் பிடித்திருந்தால் எறியுங்கள். (தகரப் பேணி ஊதினால் கதை வேறு, அதைத் திறக்கவே கூடாது.)

ஆனால் உங்கள் படத்தில் எனக்குக் கண்ணில் பட்டது காலாவதித் திகதிக்கு மேல் ஒட்டியிருக்கும் விலை ஸ்டிக்கர். லேபிளை மறைப்பதும் மாற்றுவதும் குற்றம். நகத்தால் மெல்லக் கிளப்பிப் பாருங்கள், அதற்கு முன் இன்னொரு படம் எடுத்துவிடுங்கள். திகதி முடிந்திருந்தால் பில்லோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதலாம், தொலைபேசி 1977. வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் போக வேண்டும். பில் தரவில்லை என்றால் இன்றே போய்க் கேளுங்கள். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும்.