கேப்ரோவரில் ஸ்க்விட்: கண்டெய்னர் ஓடுகிறது, ஆனால் 405 வருகிறது

வணக்கம் நண்பரே. சொந்த சர்வரில் ஆப்களை ஓட்ட உதவும் கேப்ரோவரில், ஸ்க்விட் என்ற ப்ராக்ஸியின் (நமக்காகத் தளங்களை எடுத்துத் தரும் இடைநிலை சர்வர்) கண்டெய்னர் நன்றாக ஓடுகிறது, ஆனால் டொமைன் வழியாக எச்டிடிபிஎஸ் தளங்களைத் திறந்தால் 405 (‘இந்த மெத்தடுக்கு அனுமதியில்லை’ என்ற பிழை) வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் இமேஜில் (கண்டெய்னரை உருவாக்கும் மூலத் தொகுப்பு) தவறில்லை. கோரிக்கை ஸ்க்விட்டைச் சென்று சேரவே இல்லை.

கேப்ரோவரில் டொமைனுக்கு வருவதையெல்லாம் முதலில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் வாங்குகிறது. ப்ராக்ஸியிடம் எச்டிடிபிஎஸ் தளம் கேட்கும் ப்ரவுசர் ‘கனெக்ட்’ என்ற மெத்தடை (கோரிக்கை வகை) அனுப்பும். என்ஜின்எக்ஸ் இயல்பாக அதை ஏற்காது, அங்கேயே 405 சொல்லித் திருப்பிவிடும். அதனால் டொமைனை விட்டுவிடுங்கள். ஆப் அமைப்பில் போர்ட் மேப்பிங் பகுதியில் சர்வரின் 3128-ஐ (ஸ்க்விட்டின் வழக்கமான போர்ட்) கண்டெய்னரின் 3128-உடன் இணையுங்கள். டாக்கர்ஃபைலில் (இமேஜை உருவாக்கும் வழிமுறைக் கோப்பு) எக்ஸ்போஸ் வரி எழுதியது மட்டும் போதாது, அது வெறும் குறிப்புதான்.

ஆனால் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு இணையுங்கள். கேப்ரோவர், கண்டெய்னர்களை நிர்வகிக்கும் டாக்கர் ஸ்வார்ம் மேல் ஓடுகிறது. அந்த வழியில் வரும் எல்லோரும் ஸ்க்விட்டுக்கு 10-ல் தொடங்கும் உள் ஐபியாகவே தெரிவார்கள். பல இமேஜ்களின் கான்ஃபிக்கில் ‘லோக்கல்நெட்’ அனுமதி வரி இருக்கும், அதில் 10.0.0.0/8, அதாவது 10-ல் தொடங்கும் எல்லா ஐபிகளும், அடக்கம். ஆக உலகமே உங்கள் ப்ராக்ஸியைப் பயன்படுத்தலாம்! யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் காப்பாற்றும் என்றும் நம்பாதீர்கள், டாக்கர் திறக்கும் போர்ட் அதைத் தாண்டிப் போய்விடும்.

அந்த வரியை நீக்கி, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும்படி வையுங்கள். கடவுச்சொல் கோப்பை இமேஜுக்குள் வைக்காமல் வால்யூமில் (கண்டெய்னருக்கு வெளியே இருக்கும் சேமிப்பிடம்) வையுங்கள், ஸ்க்விட் ஓடும் பயனருக்கு அதைப் படிக்கும் உரிமை வேண்டும். பிறகு வெளியிலிருந்து கடவுச்சொல் இல்லாமல் ஒருமுறை முயலுங்கள்: 407 (ப்ராக்ஸி கடவுச்சொல் கேட்கிறது என்ற பதில்) வந்தால் சரி. வேறு ஏதாவது வந்தால் ஸ்க்விட்டின் ஆக்சஸ் லாக் (வந்த கோரிக்கைகளின் பதிவு) வரியை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.