ஒரே 24 மெகாபிக்சல், இரு மடங்கு விலை: எந்த கேமரா?

கேள்வி: மகள் பரதநாட்டியம் ஆடுகிறாள். மேடையில் ஆடும்போது போனில் எடுத்தால் படம் புள்ளி புள்ளியாக வருகிறது. கேனன் ஆர்50, ஆர்8 இரண்டையும் பார்த்தேன். இரண்டிலும் 24.2 மெகாபிக்சல்தான், விலை மட்டும் ஏறத்தாழ இரு மடங்கு. "ஆர்8 ஃபுல் பிரேம் சார், இருட்டிலும் பளிச்சென்று வரும்" என்கிறார் கடைக்காரர். கடன் வாங்கியாவது அதை எடுக்கலாமா?

பதில்: கடன் வேண்டாம். ஆர்50 பாடியும் (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸும் வாங்குங்கள்.

கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. ஃபுல் பிரேம் என்றால் பெரிய சென்சார்; வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லுதான் சென்சார். ஆர்8 சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். ஆர்50 சென்சார் 22.3க்கு 14.9. பரப்பில் 2.6 மடங்கு வித்தியாசம். அந்த அளவு கூடுதல் வெளிச்சத்தைப் பெரிய சென்சார் வாங்கும், புள்ளிகள் குறையும். ஆனால் அதோடு அவர் கட்டிக்கொடுக்கும் கிட் லென்ஸை எப்போதாவது பேச்சில் எடுத்தாரா? ஜூம் செய்தால் அதன் வாய் எஃப் 6.3க்குச் சுருங்கிவிடும்; எஃப் எண் கூடக்கூட வெளிச்சம் நுழையும் வாய் சிறிது. எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல 12 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 2.6 மடங்குக்குக் கடன் வாங்கி, 12 மடங்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறோம். எத்தனையோ பெற்றோர் இப்படி ஏமாந்து வந்து என்னிடம் படம் காட்டியிருக்கிறார்கள்.

சரி, அதே 50 எம்எம் லென்ஸை ஆர்8இல் மாட்டினால்? நல்ல கேள்விதான். நீங்கள் உட்காரும் இடத்தைப் பொறுத்தது. மேடையிலிருந்து 8 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், ஆர்50இல் சுமார் 2.4 மீட்டர் உயரம் படத்தில் அடங்கும். தூக்கிய கையோடு மகள் முழுதாக நிறைந்து நிற்பாள். ஆர்8இல் 3.8 மீட்டர் அடங்கும்; மேலே திரைச்சீலை, கீழே மேடைப் பலகை, நடுவில் சின்னதாக அவள். அதைக் கணினியில் வெட்டிப் பெரிதாக்கினால், வெட்டிப்போட்ட ஓரத்தோடு பெரிய சென்சாரின் லாபமும் போய்விடும். முதல் வரிசைக்கும் முன்னால், மேடையோரத்தில் நிற்க அனுமதி கிடைக்கும் என்றால் மட்டும் கதை வேறு. அங்கே ஆர்8 உண்மையிலேயே ஜெயிக்கும். உங்களுக்கு எல்லா நிகழ்ச்சியிலும் அந்த இடம் கிடைக்குமா?

இதையெல்லாம் வாங்குபவர் கணக்குப்போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பதுதான் எனக்கு ஆத்திரம். மெகாபிக்சலைப் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் சென்சாரின் நீள அகலத்தையும் அப்படியே போட்டால் என்ன? 'ஒரு இன்ச் சென்சார்' என்று விற்பதை அளந்தால் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். எந்தப் பக்கமும் ஒரு இன்ச் கிடையாது! பழைய டிவி கேமராக் குழாயின் வெளி விட்டத்தை வைத்து வந்த பெயரை இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் ஒன்று. "பில் வேண்டாமென்றால் பல ஆயிரம் குறைத்துத் தருகிறேன்" என்று இடையில் ஒருவர் வருவார். கிட்டவே சேர்க்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து குறுக்கு வழியில் வந்த பாடிக்கு இங்கே வாரண்டி கிடைக்காது. அப்படி வாங்கிய ஒன்றை நான் சர்வீஸுக்குக் கொண்டுபோனபோது, தொட்டுக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார்கள். ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பில்லிலும் பெட்டியிலும் பாடியின் அடியிலும் உள்ள சீரியல் எண் ஒன்றுதானா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.