பழைய லென்ஸ், புது மிரர்லெஸ்: வாசகர் கேள்விகள்

மிரர்லெஸ் (உள்ளே எழும்பி இறங்கும் கண்ணாடி இல்லாத டிஜிட்டல் கேமரா) வாங்கிய கொஞ்ச நாளில் பலருடைய கண் வீட்டு அலமாரியில் தூங்கும் பழைய கேமராப் பக்கம் போய்விடுகிறது. வந்த கேள்விகளில் அப்படிப்பட்டவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அப்பாவின் யாஷிகா எஃப்எக்ஸ்-3 கேமராவில் 50 எம்எம் லென்ஸ் இருக்கிறது. தாத்தாவின் யாஷிகா எலெக்ட்ரோ 35 கேமராவும் உண்டு. இரண்டு லென்ஸையும் என் சோனியில் மாட்டலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

முதலாவதைத் தாராளமாக மாட்டலாம். பழைய எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி எழும்பி இறங்க இடம் வேண்டியிருந்தது. அதனால் லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து பிலிம் வரை உங்கள் யாஷிகாவில் 45.5 மி.மீ. தூரம், நிக்கானில் 46.5. கண்ணாடியே இல்லாத சோனி ஈ மவுன்ட்டில் அது 18 மி.மீ.தான். மீதி 27.5 மி.மீ.யை நிரப்பும் வெறும் உலோகக் குழாய்தான் அடாப்டர். உள்ளே லென்ஸும் கிடையாது, மின்சுற்றும் கிடையாது. ‘கான்டாக்ஸ்/யாஷிகா லென்ஸ், சோனி ஈ கேமரா’ என்று சொல்லிக் கேளுங்கள். விலை குறைந்ததே போதும். மாட்டிய பிறகு ஆட்டம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எலெக்ட்ரோ 35 கதை வேறு. அதில் லென்ஸ் கழற்ற வராது. ஷட்டரும் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அறுத்தெடுத்து மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு மனசு வராது. பிலிம் போட்டு எடுங்கள்.

கேள்வி: அடாப்டர் மாட்டினால் ‘லென்ஸ் இல்லை’ என்கிறது கேமரா. ஷட்டர் அடிக்கவே மாட்டேன் என்கிறது. (வாசகர், ஈரோடு)

லென்ஸோடு பேச மின்தொடர்பு இல்லாததால் கேமராவுக்கு அது தெரியாது. மெனுவில் லென்ஸ் இல்லாமல் ஷட்டரை அனுமதிக்கும் அமைப்பு ஒன்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். அப்புறம், உடலிலேயே அதிர்வுக் குறைப்பு உள்ள கேமரா என்றால் லென்ஸின் எம்எம் அளவையும் நீங்களே பதிய வேண்டும். 135 லென்ஸை மாட்டிவிட்டு 50 என்றே விட்டுவைத்தால் அதிர்வுக் குறைப்பு சரியாக வேலை செய்யாது.

கேள்வி: ஓடி விளையாடும் குழந்தைகளை எடுத்தால் பாதிப் படம் மங்கல். ஃபோகஸ் பீக்கிங் போட்டும் பயனில்லை. (வாசகி, கோயம்புத்தூர்)

பீக்கிங்கை அளவுக்கு மீறி நம்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். திரையில் பீக்கிங் காட்டும் அந்தச் சிவப்புக் கோடுகள் கான்ட்ராஸ்ட் அதிகமான விளிம்புகளைக் காட்டுகின்றனவே தவிர, கண்ணிமை கூர்மையாக இருக்கிறதா என்று சொல்வதில்லை. எஃப்1.4, எஃப்2 போன்ற பெரிய திறப்புகளில் மூக்கிலிருந்து காதுவரை கோடு மின்னும்; படத்தில் மூக்கு மட்டும்தான் தெளிவாக இருக்கும். திரையைப் பெரிதாக்கிக் காட்டும் வசதியைக் கைக்கு எட்டும் பட்டன் ஒன்றில் போட்டுக்கொள்ளுங்கள். எந்த அப்பெர்ச்சரில் (லென்ஸ் திறப்பில்) எடுக்கப்போகிறீர்களோ அதிலேயே வைத்து ஃபோகஸ் செய்யுங்கள். சில பழைய லென்ஸ்களில் அப்பெர்ச்சரை மூடும்போது ஃபோகஸ் சற்று நகர்ந்துவிடும்.

உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு இது போதும். ஓடும் குழந்தைக்குப் பெரிதாக்கிப் பார்க்க நேரம் ஏது? அங்கே ஃபோகஸைத் துரத்தாதீர்கள், முன்கூட்டியே வைத்துவிடுங்கள். ஃபுல் ஃபிரேமில் (பழைய பிலிம் அளவே உள்ள சென்சாரில்) 28 எம்எம் லென்ஸை எஃப்8-இல் வைத்து, சுமார் 3.3 மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால் ஏறக்குறைய 1.6 மீட்டரிலிருந்து தொலைவு வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும். ஷட்டர் 1/500-க்குக் குறைய வேண்டாம். ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். ஒரு எச்சரிக்கை: தொலைவில் ஃபோகஸ் கிடைக்காமல் போய்விடக் கூடாது என்று அடாப்டர்களைப் பெரும்பாலும் ஒரு இழை குட்டையாகவே செய்கிறார்கள். அதனால் லென்ஸில் பொறித்த மீட்டர் எண்கள் கொஞ்சம் தள்ளிப்போகும். அந்தத் தூரத்தில் உள்ள தூணையோ கதவையோ திரையில் பார்த்து ஃபோகஸ் செய்துவிட்டு, வளையத்தைத் தொடாமல் விடுங்கள்.

கேள்வி: பின்னணி சுழல்வதுபோல் வரும் ஹீலியாஸ் 44-2 வாங்க ஆசை. விற்பவர் ‘அபூர்வமான லென்ஸ்’ என்று கூடுதல் விலை சொல்கிறார். என் கேமரா ஃபூஜி. (வாசகர், மதுரை)

அபூர்வமெல்லாம் இல்லை. கார்ல் ஸைஸ் ஜெனாவின் பயோட்டார் 58 எம்எம் எஃப்2 வடிவத்தை வைத்து சோவியத் ஆலைகள் கணக்கு வழக்கில்லாமல் செய்து தள்ளிய லென்ஸ் அது. ஜெனிட் கேமராக்களோடு சேர்ந்தே வந்தது.

உங்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. அந்தச் சுழல் படத்தின் ஓரங்களில்தான் உருவாகிறது. ஓரத்துக்கு வரும் ஒளி லென்ஸின் குழலில் வெட்டுப்படுவதால், நடுவில் வட்டமாக இருக்கும் ஒளிப்புள்ளிகள் ஓரத்தில் பூனைக் கண்போல் ஒடுங்குகின்றன. அவை நடுவைச் சுற்றி வரிசைகட்டும்போது சுழல்கிற தோற்றம் வருகிறது. உங்கள் ஃபூஜியில் இருப்பது ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார்; அது அந்த ஓரத்தைத்தான் வெட்டிவிடுகிறது. ஃபுல் ஃபிரேமில்கூட எஃப்2-இல் வைத்து, ஆளை இரண்டு மீட்டருக்குள் நிறுத்தி, பின்னால் தள்ளி இலைகளுக்கிடையே வெளிச்சம் ஒழுகும் மரம் இருந்தால்தான் அது நன்றாகத் தெரியும். என்னைக் கேட்டால் அந்த வித்தை பத்துப் படத்தில் சலித்துவிடும். ஹீலியாஸின் மென்மையான நிறம் பிடித்திருந்தால் மலிவாகக் கிடைக்கும்போது வாங்குங்கள், சுழலுக்காக வேண்டாம்.

கேள்வி: பென்டாக்ஸின் பழைய டகுமார் 50 எம்எம் எஃப்1.4 லென்ஸ் மஞ்சளாக இருக்கிறது. கதிரியக்கம் என்று பயமுறுத்துகிறார்கள். (வாசகர், சேலம்)

அதில் பல பதிப்புகளில் தோரியம் கலந்த கண்ணாடி இருப்பது உண்மை. ஒளிவிலகலைக் கூட்ட அக்காலத்தில் அப்படிச் செய்தார்கள். வழக்கமாகப் படமெடுக்கும் அளவில் பயப்பட ஒன்றுமில்லை. கழற்றித் தேய்ப்பது மட்டும் கூடாது. மஞ்சள் போக ஜன்னல் வெயிலிலோ புற ஊதா விளக்கின் கீழோ சில நாள்கள், தேவைப்பட்டால் சில வாரங்கள் வையுங்கள். மறுமுனையை அலுமினியத் தாளால் கட்டாயம் மூடுங்கள். இல்லாவிட்டால் சூரிய ஒளி குவிந்து ஜன்னல் திரையைப் பொசுக்கும்.

கேள்வி: என்னிடம் கேனான் ஈஎஃப் லென்ஸ்கள், தம்பியிடம் நிக்கான் ஏஎஃப்-டி. இரண்டுக்கும் சாதா அடாப்டர் போதுமா? (வாசகர், திருநெல்வேலி)

போதாது. 1987-இல் வந்த ஈஎஃப் லென்ஸில் அப்பெர்ச்சர் வளையமே இல்லை, எல்லாம் மின்சாரத்தில் நடக்கிறது. வெறும் குழாயில் மாட்டினால் முழுத் திறப்பிலேயே நிற்கும். மின்தொடர்புள்ள அடாப்டர் வாங்குங்கள். தம்பி நிலைமை வேறு: ஏஎஃப்-டி லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரிலும் கிடையாது. ஆகவே கையால்தான் ஃபோகஸ்.

கேள்வி: கடலோர ஊர். லென்ஸில் ஃபங்கஸ் வந்துகொண்டே இருக்கிறது. (வாசகர், நாகப்பட்டினம்)

தோல் உறையிலிருந்து முதலில் வெளியே எடுங்கள், அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். காற்றுப் புகாத டப்பாவில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சிறிய ஈரப்பத மானி ஒன்று. 40 முதல் 50 சதவீதத்துக்குள் நின்றால் போதும். அரிசிக்குள் புதைக்கிற வேலை வேண்டாம், தூசிதான் மிச்சமாகும். பழையது வாங்கும்போது அப்பெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் ஓடினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சுத்தம் செய்யும் கூலி லென்ஸ் விலையைத் தாண்டிவிடும்.

கேள்வி: ஏபிஎஸ்-சி கேமராவில் 50 எம்எம், 75 போல ஆகிவிடுகிறது. பழைய அகலம் திரும்பக் கிடைக்குமா? (வாசகி, சென்னை)

ஃபோக்கல் ரெடியூசர் என்று கேளுங்கள். உள்ளே லென்ஸ் உள்ள அடாப்டர் அது. 0.71 மடங்கு என்றால் உங்கள் 50 ஏறக்குறைய 53 போல் தெரியும், வெளிச்சமும் ஒரு ஸ்டாப் கூடும், அதாவது இரு மடங்காகும். மலிவானவற்றில் ஓரங்கள் குழைந்துபோகும். வாங்குமுன் லென்ஸின் பின்பகுதி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். சில லென்ஸ்கள் உள்ளிருக்கும் கண்ணாடியில் இடித்துவிடும்.