பதில் வராத மனுக்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் சட்டக்கல்லூரி மாணவி. 2024 டிசம்பரில் ஜோ பைடன் தன் சொந்த மகனுக்கே மன்னிப்பு வழங்கினார். அடுத்த மாதம் பதவியேற்ற அன்றே டொனால்ட் டிரம்ப், 2021 நாடாளுமன்றக் கட்டடத் தாக்குதல் வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு அளித்தார். நாட்டுத் தலைவர்களுக்கு இப்படி ஓர் அதிகாரம் இருக்கலாமா? இது மன்னராட்சியின் மிச்சம் இல்லையா? நீதிமன்றங்கள் அடுக்கடுக்காக விசாரித்துச் சொன்ன தீர்ப்பை ஓர் அரசியல்வாதி ஒரே கையெழுத்தில் அழித்துவிடலாமா? பாதிக்கப்பட்டவர்களே மன்னிக்காதபோது மன்னிக்க இவர் யார்? சட்டம் தன் கடமையைச் செய்யட்டும் என்று விட்டுவிடுவதுதானே சரி?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் 2014 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பை மறுபடி வாசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன். உங்கள் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த வயதில் இதற்கெல்லாம் கோபம் வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்கிறீர்கள்.

மன்னராட்சியின் மிச்சம் என்பது ஒரு வாதமே இல்லை. நீதிமன்றமும் சிறையும்கூட அங்கிருந்து வந்தவைதான். மகனுக்கும் கூட்டாளிக்கும் மன்னிப்பு வழங்குவது அசிங்கம், அதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அமெரிக்காவில் வழக்கே பதிவாகாத குற்றத்துக்கும் மன்னிப்பு வழங்கலாம். 1974இல் ஃபோர்டு நிக்சனுக்கு அப்படித்தான் கொடுத்தார். இந்தியாவில் தண்டனை பெற்றவருக்குத்தான் கருணை. குடியரசுத் தலைவரும் ஆளுநரும் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும். கட்சிக்காரருக்குச் சலுகை காட்டியதாகத் தெரிந்தால் நீதிமன்றம் அதை ரத்து செய்யலாம். 2006இல் ஆந்திர ஆளுநரின் உத்தரவு ஒன்று அப்படி ரத்தானது. ஆக, அதிகாரத்துக்கு வேலி போட முடியும். போட்டும் இருக்கிறார்கள். இதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்குமே, அம்மா!

எனக்குக் கோபம் வந்தது உங்களுடைய ஒரு வரியைப் பார்த்துத்தான். “சட்டம் தன் கடமையைச் செய்யட்டும்.” தொலைக்காட்சியில் அமர்ந்திருப்பவர் சொல்லலாம். சட்டம் படிக்கிற நீங்கள் சொல்லக்கூடாது. ஒரு மரண தண்டனைத் தீர்ப்பு குற்றத்தின் கொடூரத்தை மட்டுமே பார்த்து, குற்றவாளியின் சூழலைப் பார்க்கத் தவறிவிட்டது என்று 2009இல் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அதற்குள் அந்தத் தவறான வழியில் தண்டிக்கப்பட்ட இருவரைத் தூக்கிலிட்டாகிவிட்டது. அதே வழியில் தண்டிக்கப்பட்டு உயிரோடு மிஞ்சியிருந்த 13 பேருக்காக 2012இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர் குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். நீதிபதிகளே அந்த வாசலில் வந்து நின்றார்கள் என்பதை ஒரு நிமிடம் யோசியுங்கள். கடைசித் தீர்ப்பும் வந்துவிட்ட பிறகு வேறு எந்தக் கதவு திறந்திருந்தது?

இளம் வயதில் ஒரு குற்றவியல் வழக்கறிஞரிடம் தட்டச்சராக இருந்தேன். ஒரு கருணை மனுவுக்குக் கார்பன் தாள் வைத்து நான்கு பிரதி அடித்தேன். மரண தண்டனை பெற்றவனின் தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. முழுவதையும் வாசித்துக் காட்டச் சொன்னார் சீனியர். மகன் குற்றத்தை ஒப்புக்கொண்டு வருந்துவதாக ஒரு வரி உண்டு. அந்த இடம் வந்ததும் என் குரல் தானாகத் தாழ்ந்துவிட்டது. அந்த அம்மா கவனித்துவிட்டார். “சத்தமாவே படிப்பா. அவன் செஞ்சதுதானே. உசுரை மட்டும் கேளுங்க” என்றார். நான்கு பிரதியிலும் கட்டைவிரலை அழுத்தி வைத்தார். மை படிந்த விரலைத் துடைக்கத் துணி கொடுத்தேன், வாங்கவில்லை. முந்தானையிலேயே துடைத்துக்கொண்டார்.

அப்புறம் மாதாமாதம் வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். “பதில் வந்துச்சா?” அவ்வளவுதான் கேள்வி. இன்னொருவரும் வருவார். கொலையுண்டவரின் அண்ணன். அவர் மேலே ஏற மாட்டார், வாசலிலேயே நின்று என்னைக் கூப்பிட்டு “மனு என்னாச்சு?” என்பார். இருவரும் ஒரே நாளில் வந்துவிடக்கூடாதே என்று நான் பயந்துகொண்டே இருப்பேன். நான் அந்த வேலையை விடும்வரை பதில் வரவில்லை.

பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிக் கேட்டீர்களே, அவர்களில் நான் நேரில் பார்த்த ஒரே மனிதர் அந்த அண்ணன்தான். அவர் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. அரசு கருணை காட்டுவது அவர் சார்பாக அல்ல. அரசு விதித்த தண்டனையை அரசு குறைத்துக்கொள்கிறது, அவ்வளவே. ஆனால் ஆமென்றோ இல்லையென்றோ ஒரு பதிலைக் கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது. அதைக்கூட யாரும் கொடுக்கவில்லை.

உங்களைத் துன்புறுத்துவது கொடுக்கப்பட்ட மன்னிப்புகள். என்னைத் தூங்கவிடாதவை அலமாரியில் கிடக்கும் மனுக்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற பேரறிவாளன் 2000இல் கருணை மனு கொடுத்தார். நிராகரிக்கப்பட்டது 2011இல். தினமும் காலையில் காலடிச் சத்தம் கேட்டு விழிக்கிற ஒருவனுக்கு 11 ஆண்டு என்றால் என்ன என்று எண்ணிப் பாருங்கள். தூக்குத் தேதிகூடக் குறிக்கப்பட்டு, பிறகு நிறுத்தப்பட்டது. 2014இல் உச்ச நீதிமன்றம் தாமதத்தைக் காரணம் காட்டி அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்தது. ஆளுநர் முடியாது என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்துவிட்டுக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். கடைசியில் 2022 மே மாதம் நீதிமன்றம்தான் விடுவித்தது. அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. முடிவெடுக்கும் பதவியில் இருப்பவர் முடிவெடுக்காமல் இருப்பதற்கு என்ன பெயர்? எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத ஒரு தண்டனையை, எந்த விசாரணையும் இல்லாமல், எந்தக் காரணமும் எழுதாமல் விதிக்கிறார்கள். நிராகரித்தால்கூட அதற்கு ஒருவர் பொறுப்பேற்கிறார். அந்த உத்தரவை எதிர்த்து வழக்குப் போடலாம். சும்மா வைத்திருந்தால் யாரைக் கேட்பது? நீங்கள் எதிர்க்க வேண்டியது இதைத்தான். கருணை மனு மீது இத்தனை மாதத்துக்குள் முடிவு, காரணம் எழுத்தில், இரு குடும்பத்துக்கும் அதன் நகல். இதைக் கேட்டுப் போராடுங்கள், நானும் வருகிறேன்.

நான் வாசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்ன தீர்ப்பு, 15 பேரின் மரண தண்டனையைக் குறைத்த சத்ருகன் சௌஹான் வழக்கு. சிலருக்குத் தாமதம் காரணம், சிலருக்கு மனநோய். மனுவுக்கு நியாயமான காலத்துக்குள் பதில் வேண்டும் என்பதை இவ்வளவு அழுத்தமாகச் சொன்ன தீர்ப்பை நான் வேறு வாசித்ததில்லை. முழுவதையும் படியுங்கள், சுருக்கத்தை அல்ல. படித்த பிறகும் இந்த அதிகாரத்தை ஒழிக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் தயங்காமல் எழுதுங்கள், வெளியிடுகிறேன். ஆனால் ஒழித்த பிறகு, நீதிபதிகள் கடிதம் எழுதினார்களே, அந்த 13 பேர் யாரிடம் போய் நிற்பது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

அன்புடன்