போட்ட காசும் பார்த்த படமும்

அன்புள்ள ஐயா,

பத்து வருடமாக ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். இரண்டு வருடமாக நஷ்டம். சென்ற வாரம் நண்பனுடன் சினிமாவுக்குப் போனேன். படம் மகா மட்டம். இடைவேளையில் அவன் எழுந்து போய்விட்டான். கொடுத்த காசுக்காக நான் கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்று கேட்டு வளர்ந்தவன் நான். பணத்தின் அருமை தெரியாதவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. தியேட்டரில் தின்பண்டம் விற்கிற விலைக்கு, எல்லாப் படமும் வீட்டுக்கே வந்துவிடுகிற காலத்தில், அந்தத் தொழில் இன்னும் எத்தனை நாள் ஓடும்? பொருளாதாரத்தை முறையாகப் படிக்க ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

க.

அன்புள்ள க.,

எங்கிருந்து தொடங்குவது என்பதை அப்புறம் பார்க்கலாம். தின்பண்டக் கணக்கு எளிது. டிக்கெட் காசில் பெரும்பங்கு, அதுவும் முதல் வாரங்களில், விநியோகஸ்தருக்குப் போய்விடும். தின்பண்ட லாபத்தில் அவருக்குப் பங்கில்லை. தியேட்டர்காரர் பிழைப்பது அதில்தான். தியேட்டர் செத்துவிடும் என்று தொலைக்காட்சி வந்தபோதும் சொன்னார்கள், வீடியோ கேசட் வந்தபோதும் சொன்னார்கள். விடுங்கள்.

என்னை எழுத வைத்தது அந்த இடைவேளை. உங்கள் நண்பர் இழந்தது டிக்கெட் காசு. நீங்கள் இழந்தது அதே டிக்கெட் காசு, கூடவே ஒன்றேகால் மணி நேரம். இதில் பணத்தின் அருமை தெரியாதவர் யார்? கோபித்துக்கொள்ளாதீர்கள், கணக்கைத்தான் சொல்கிறேன். அளந்து போடச் சொன்ன பழமொழி, போட்ட பிறகு ஆற்றில் குதித்துத் தேடச் சொல்லவில்லை.

பொருளாதாரப் பாடநூல்கள் இதை மூழ்கிய செலவு என்கின்றன. என்ன செய்தாலும் திரும்பி வராத காசு, அடுத்து என்ன செய்வது என்ற யோசனைக்குள்ளேயே வரக்கூடாது. கேட்க எளிது, செய்ய முடிவதில்லை. ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு பல்கலைக்கழக நாடக அரங்கில், சீசன் முழுக்க நடக்கும் நாடகங்களுக்குச் சேர்த்து ஒரே சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை. சிலருக்கு, அவர்கள் கேட்காமலேயே, தள்ளுபடி. நாடகங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிகம் வந்தார்கள். நாடகம் அவர்களுக்கு மட்டும் இனித்திருக்க வழியில்லை. கொடுத்த காசு கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது.

என் சித்தப்பா ஒருவர் அச்சகம் வைத்திருந்தார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அடிக்கும் பழைய காலத்து அச்சகம். ஆஃப்செட் என்ற புது அச்சு முறை வந்து நோட்டீஸ் வேலைகூட அங்கே போன பிறகும், புதிதாக ஒரு செட் எழுத்து வாங்கினார். ஏன் என்று கேட்டால், “இவ்வளவு போட்டாச்சு, பாதியில விடச் சொல்றியா?” என்பார். சினிமாவிலும் அப்படித்தான். தூங்கினாலும் தூங்குவாரே தவிர, ‘வணக்கம்’ போடாமல் எழுந்திருக்க மாட்டார்.

கடைசியில் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டார். அன்றைக்கு நான் கூட இருந்தேன். சாக்கோடு வந்தவர் வாசலில் காத்திருக்க, சித்தப்பா கலைந்து கிடந்த எழுத்துகளை அந்தந்த அறையில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். ககரம் ககரத்தோடு, துணைக்கால் துணைக்காலோடு. “எல்லாம் உருக்கத்தானே போகுது சாமி” என்றார் வந்தவர். சித்தப்பா நிமிரவே இல்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு ஒவ்வோர் அறையாக அதே சாக்கில் கொட்டினார்கள்.

அதனால்தான் உங்கள் மேல் எனக்கு உண்மையான கோபம் வரவில்லை. விரல்கள் பழகிய வேலையை மூளை வந்து நிறுத்திவிட முடியாது என்பதைப் பார்த்தவன் நான். ஆனால் அந்தப் புது செட் எழுத்துக்குக் கொடுத்த பணம் என் சித்தியின் நகை. அதையும் பார்த்தவன்.

இனி படம் பார்க்கப் போனால் இடைவேளையில் உங்களையே கேளுங்கள்: ‘டிக்கெட்டே வாங்காமல் இப்போதுதான் இந்த வாசலுக்கு வருகிறேன், மிச்சப் படத்தைச் சும்மா காட்டுகிறார்கள். உள்ளே போவேனா?’ போவேன் என்றால் தாராளமாக உட்காருங்கள். பிற்பாதியில் எழுந்து நிற்கிற படங்களும் உண்டு.

கடைக்கும் இதே கேள்விதான். அது வேறு யாருடையதோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரங்களோடு இலவசமாகத் தருகிறார், மாதாமாதம் நீங்கள் கைக்காசு போட்டு நடத்த வேண்டும். வாங்கிக்கொள்வீர்களா? பத்து வருடத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சேர்க்கத்தான் தோன்றும்.

வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அந்தத் தேதியை எழுதுங்கள். புத்தகம் பிறகு சொல்கிறேன்.