லினக்ஸ் போடலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது. விண்டோஸ் 11 இதில் ஏறாது என்று அதுவே சொல்லிவிட்டது. கணினி என்னவோ நன்றாகத்தான் ஓடுகிறது. லினக்ஸ் போடலாமா? எதைப் போடுவது?

பதில்: தாராளமாகப் போடலாம். விண்டோஸைப் போலவே கணினியை இயக்கும் இலவச மென்பொருள்தான் லினக்ஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 11-ஓ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், நாங்கள் சொல்லும் பிராசஸர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறது. லினக்ஸுக்கு அந்தப் பிடிவாதமெல்லாம் கிடையாது. 64 பிட் பிராசஸரும் 4 ஜிபி ராமும் இருந்தால் லினக்ஸ் மின்ட் என்ற வகை ஓடும், ராம் அதற்கும் குறைவு என்றால் அதிலேயே எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் பாருங்கள். உபுண்டு என்ற இன்னொரு வகையும் நல்லதுதான். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும் என்பதால் கொஞ்ச காலத்துக்குக் கவலையில்லை. இருக்கிற நூற்றுக்கணக்கான லினக்ஸ் வகைகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன் என்று உட்கார்ந்தால் கடைசிவரை போடவே மாட்டீர்கள், இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

போடுவதற்கு முன் போடாமலே ஓட்டிப் பாருங்கள், இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். அதிகாரபூர்வ தளத்திலிருந்து லினக்ஸ் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்குங்கள், மின்ட் என்றால் சுமார் 3 ஜிபி இருக்கும். அதைப் பென்டிரைவில் அப்படியே காப்பி செய்தால் வேலைக்கு ஆகாது. ரூஃபஸ், எட்சர் மாதிரி ஒரு மென்பொருளைக் கொண்டுதான் எழுத வேண்டும். 8 ஜிபி பென்டிரைவ் போதும், ஆனால் அதில் ஏற்கெனவே இருப்பது எல்லாம் அழிந்துவிடும். அப்புறம் கணினியை அணைத்துப் போடும்போது எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையைத் தட்டுங்கள் (எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்), பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். முழு லினக்ஸும் பென்டிரைவிலிருந்தே ஓடும், நீங்களாக எதையாவது செய்தால் ஒழிய ஹார்ட் டிஸ்கை அது தொடாது. வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா வேலை செய்கிறதா, மடிக்கணினியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று நிதானமாகப் பாருங்கள். கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், அது பென்டிரைவின் குற்றம்.

இன்னொன்று, உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் எந்த லினக்ஸ் போட்டாலும் பெரிய வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி ஒன்றை மாற்றிவிட்டுப் போட்டால் அதே கணினியா என்று கேட்பீர்கள்.

கேள்வி: விண்டோஸையும் விடாமல் பக்கத்திலேயே லினக்ஸ் போட ஆசை. படங்கள், கோப்புகள் எல்லாம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானது. முதலில் முக்கியமானதையெல்லாம் வெளி டிஸ்கில் எடுத்து வையுங்கள், எடுத்து வைத்ததில் நான்கைந்து கோப்பைத் திறந்தும் பாருங்கள், காப்பி ஆகிவிட்டது என்று கணினி சொல்வதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

அடுத்து பிட்லாக்கர், டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. பல கணினிகளில் இது உரிமையாளருக்கே தெரியாமல் ஆன் ஆகியிருக்கும். விண்டோஸ் எழும் முன் வரும் அமைப்புத் திரையான பயாஸில், தொடக்கக் காவலான செக்யூர் பூட்டையோ வேறு எதையோ மாற்றிவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும், எண் இல்லையென்றால் உங்கள் டிஸ்கை நீங்களே திறக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் அந்த எண் பெரும்பாலும் அங்கே இருக்கும். முன்கூட்டியே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உபுண்டு, மின்ட் இரண்டுமே செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போதே ஏறும், அதனால் அதை வீணாக அணைக்கவும் வேண்டாம்.

அப்புறம் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது ஆனில் இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியில் எதையும் எழுத முடியாது. லினக்ஸுக்கான இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சுருக்கி ஒதுக்குங்கள். 20 ஜிபி குறைந்தபட்சம் என்பார்கள், நீங்கள் 100 கொடுங்கள்.

நிறுவும்போது ஒரே ஒரு திரையில்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டும். ‘இன்ஸ்டால் அலாங்சைட்’ என்றால் விண்டோஸுக்குப் பக்கத்தில் போடும், ‘எரேஸ் டிஸ்க்’ என்றால் முழு டிஸ்கையும் துடைத்துவிடும். மற்றதெல்லாம் மொழி, நேரம், கடவுச்சொல் சமாச்சாரம். டிஸ்கே கண்ணில் படவில்லை என்று லினக்ஸ் சொன்னால் பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி என்ற டிஸ்க் அமைப்பு ஆனில் இருக்கலாம். அதைச் சட்டென்று ஏஹெச்சிஐ என்ற வழக்கமான முறைக்கு மாற்றினால் விண்டோஸ் எழுந்திருக்காமல் போகும், முதலில் விண்டோஸை சேஃப் மோடில் தொடங்கும்படி வைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். இதெல்லாம் தலைவலி என்று தோன்றினால், இடம் இருக்கும் கணினியில் லினக்ஸுக்கென்றே தனி எஸ்எஸ்டி போடுவது எனக்குப் பிடித்த வழி.

கேள்வி: இலவசம் என்றால் எங்கேயாவது வில்லங்கம் இருக்குமே?

பதில்: இதில் இல்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட கெர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியை, இன்று பெரிய நிறுவனங்களின் சம்பளத்தில் இருப்பவர்களும் சேர்ந்துதான் எழுதுகிறார்கள், ஏனென்றால் அவர்களுடைய சர்வர்களும் அதில்தான் ஓடுகின்றன. மென்பொருளைச் சும்மா கொடுத்துவிட்டு, நிறுவனங்களுக்குப் பராமரிப்பை விற்றுக் காசு பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட ரெட் ஹேட் என்ற நிறுவனத்தை ஐபிஎம் 2019-இல் சுமார் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது.

கேள்வி: மின்ட் போட்டுவிட்டேன், வைஃபை மட்டும் காணவே காணோம்.

பதில்: பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை இயக்கும் மென்பொருளான டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும், நல்ல கூத்து. செல்போனை கேபிளில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள், உடனே இணையம் வந்துவிடும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்து அது பரிந்துரைப்பதைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா? என் வேலையே அதுதான். ஃபோட்டோஷாப்பும் வேண்டும்.

பதில்: தமிழ் பிரச்சினையே இல்லை. ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பைப் போட்டால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் கிடைக்கும். லிப்ரே ஆபீஸில் யூனிகோட் கோப்புகள் ஒழுங்காகத் திறக்கும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள்தான் கிறுக்கலாகத் தெரியும், அவற்றுக்கு எழுத்துருமாற்றி வேண்டும் (விண்டோஸிலும் அந்த எழுத்துரு இல்லையென்றால் இதே கதிதான்).

ஃபோட்டோஷாப்புக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. கிம்ப், கிரிட்டா இருக்கின்றன, பழகிக்கொள்ளலாம், ஆனால் அதை வைத்துத்தான் பிழைப்பு என்றால் விண்டோஸைக் கழற்றாதீர்கள். விளையாட்டுகளில் ஸ்டீம் என்ற விளையாட்டுத் தளத்தின் புரோட்டான் வழியாக நிறைய ஓடுகின்றன, வேலரன்ட் மாதிரி, ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கக் கெர்னல் வரை போய்க் கண்காணிப்பவை ஓடாது.

கேள்வி: இரண்டையும் போட்டிருக்கிறேன். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் தப்பான நேரம் காட்டுகிறது. மதர்போர்டு பேட்டரி போய்விட்டதா?

பதில்: பேட்டரியை மாற்றிவிடாதீர்கள். கணினியின் உள் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமான யுடிசியை எழுதுகிறது, இரண்டும் மாறி மாறி ஒன்றை ஒன்று திருத்திக்கொண்டிருக்கின்றன. உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்குச் சொல்ல கட்டளை தட்டும் திரையான டெர்மினலில் ஒரு வரிக் கட்டளை இருக்கிறது, ஒருமுறை கொடுத்தால் போதும்.